ஏழாம் கிணறு

போர் நிறுத்தம் வருகிறது என்று கர்னல் சொன்னபோது கேப்டன் பாதி முகம் மழித்திருந்தார். மறு பாதியில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. நுரை படாமலிருக்க தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் கர்னலின் குரல் அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி. அதுக்கப்புறம் யாரும் ஒரு தோட்டா சுடக் கூடாது. யாரு எங்க நிக்கிறாங்களோ அதுதான் கோடு. புரியுதா?"

"புரியுது சார்."

"புரிஞ்ச குரல் மாதிரி தெரியலையே. ஏழாம் கிணறு இன்னும் அவங்க கையில இருக்கு. நாளைக்கு மத்தியானம் அது நம்ம கையில இருக்கணும்."

"சார், என்கிட்ட இருக்கிற ஆளுங்கள்ல பாதிப் பேருக்குக் கால் விரல் மரத்துக் கிடக்கு."

"அவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் கேப்டன்," என்றார் கர்னல். அவர் பேசியது தெற்கே தலைமையகத்திலிருந்து, சூடான அறையிலிருந்து. பின்னால் யாரோ கோப்பையில் கரண்டி போட்டுக் கலக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

கேப்டன் தொலைபேசியை வைத்துவிட்டு மீதி முகத்தையும் மழித்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்தால் அவருக்கே மரியாதை வரவில்லை. சூரியன் மறையாத மாதங்கள் அவை. தூக்கம் என்பது படுத்துக் கண்ணை மூடிக்கொள்வது, அவ்வளவுதான். ஜன்னலில் அட்டை வைத்து அடைத்தாலும் ஏதாவதோர் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து இமைமேல் உட்கார்ந்துகொள்ளும்.

அவர்கள் இருந்த நாலாம் எண்ணெய்க் கிணறு என்பது பனிக்கரையில் நட்ட ஓர் இரும்புக் கோபுரம், சுற்றிலும் சில தகரக் கொட்டகைகள், எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கும் ஒரு கிழட்டு ஜெனரேட்டர். எதிரியின் ஏழாம் கிணறு விரிகுடாவின் மறுகரையில் இருந்தது. மூடுபனி இல்லாத நாளில் அதன் உச்சி தெரியும். சண்டையிட்ட இரண்டும் அண்டை நாடுகள். பேசுவதும் ஒரே மொழிதான். அவர்கள் சில சொற்களைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். பனிக்கடல் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தவரை சண்டை இல்லை. அடியில் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே இரண்டு தலைநகரங்களிலும் அது முப்பாட்டன் சொத்தாகிவிட்டது.

"என்ன சார், போகணுமா?" என்று கேட்டார் சார்ஜண்ட். கேப்டனைவிட வயதில் மூத்தவர், எதற்கும் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டவர்.

"போகணும்."

"நாளைக்கு மத்தியானம் முடியற சண்டைக்கு இன்னிக்குப் போய்ச் சாகணும்."

"சாகணும்னு சொல்லல. பிடிக்கணும்னு சொன்னாங்க."

"ரெண்டுக்கும் நடுவுல பெருசா தூரம் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு, ஆட்களை எழுப்பப் போனார்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யார் போவது, யார் இருப்பது என்று கேப்டன் முடிவு செய்தார். நிலையத்தைக் காக்க இரண்டு சிப்பாய்கள் போதும். கூடவே ரிப்பேர்.

ரிப்பேர் என்றால் படைக்கே மெக்கானிக். பனி வண்டி, பம்பு, அடுப்பு, கைக்கடிகாரம் எதுவானாலும் அவனிடம்தான் போகும். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. அவன் கேப்டனின் மனைவிக்குத் தம்பி. பணி நேரத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவனும் இரண்டு நாள் கஷ்டப்பட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் ரேடியோவில், எல்லோரும் கேட்கும்படி, "மாமா, ரெண்டாம் நம்பர் வண்டிக்கு ஆயில் இல்ல மாமா" என்றான். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் படை முழுவதற்கும் கேப்டன் மாமாதான்.

தான் தங்க வேண்டும் என்று தெரிந்ததும் அவன் கையில் ஸ்பானரோடு நேராக வந்து நின்றான்.

"என்னை ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

"ஜெனரேட்டரை யார் பார்த்துக்கிறது? நீ இல்லன்னா அது ஒரு மணி நேரம் ஓடாது."

"அது சரி. நிஜக் காரணத்தைச் சொல்லுங்க."

கேப்டன் வரைபடத்தை மடித்தார். "உங்கக்கா வாரா வாரம் போன் பண்ணி என் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கறதில்ல மாப்ள. உன்னைத்தான் கேட்கறா."

"அக்காவுக்கு நான் இன்னும் ஸ்கூலுக்குப் போறேன்னு நினைப்பு."

"அவளுக்கு அப்படித்தான் இருக்கும். அப்பா அம்மா போனதுக்கப்புறம் உனக்குச் சோறு ஊட்டினவ அவதானே. பேசாம இரு. இங்கேயே இருந்தா பத்திரமா இருப்பே."

ஸ்பானரை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் போனான். நடையிலேயே கோபம் தெரிந்தது.

*

அவர்கள் மேட்டு வழியாகப் போனார்கள். விரிகுடாவின் உறைந்த கடல்மேல் போனால் தூரம் குறைவு, ஆனால் மறைவே கிடையாது. மேட்டில் ஏறியபோதே மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகும் பனி வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் விட்டு விட்டு. ரேடியோவைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

மேட்டின் நடுவில், ஒரு வண்டியின் சங்கிலி நழுவியதால் எல்லா வண்டிகளையும் அணைத்துவிட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரேடியோ இயக்குபவன் தலையை உயர்த்தினான். அவனுக்குக் காது என்றே பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இரைச்சலாகக் கேட்பது அவனுக்குப் பேச்சாகக் கேட்கும்.

"சார், இன்ஜின் சத்தம்."

"எங்க?"

"கீழ. கடல் பனி மேல. எதிர்ப் பக்கமா போகுது."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முதலில் காற்றுதான். பிறகு காற்றுக்கு அடியில், பல வண்டிகள் ஒன்றாக உறுமும் சத்தம். அது ஏழாம் கிணற்றிலிருந்து கிளம்பி நாலாம் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சார்ஜண்ட் மெல்ல, கிட்டத்தட்ட மரியாதையோடு சொன்னார்: "அவங்க கர்னலும் அவங்களுக்கு அதேதான் சொல்லியிருக்கார் போல."

பத்திரமான இடம் என்று அவர் யாரை விட்டுவிட்டு வந்தாரோ, அவனை நோக்கித்தான் அந்தச் சத்தம் போகிறது.

"ரேடியோவைத் திற," என்றார்.

"சார், உத்தரவு..." என்று காது தயங்கினான்.

"திறடா."

நாலாம் கிணறு உடனே பதில் சொன்னது. வந்தது ரிப்பேரின் குரல்தான். கேப்டன் வேகமாகப் பேசினார்: "மாப்ள, கேளு. கடல் பனி வழியா ஆள் வர்றாங்க. நிறையப் பேர். மூணு பேரால ஒண்ணும் பண்ண முடியாது. துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு வெளியில வந்து கையைத் தூக்கி நில்லுங்க. வீரம் காட்டாதீங்க. புரியுதா?"

"புரியுது மாமா." சிறிது நேரம் இரைச்சல். "ஜெனரேட்டரை அப்படியே விட்டா சூடாகி வெடிச்சிடும். அணைச்சிட்டு வந்துடறேன்."

"ஜெனரேட்டர் கெடக்கட்டும்!"

இணைப்பு அறுந்திருந்தது. காது பலமுறை கூப்பிட்டுப் பார்த்தான். சிறிது நேரத்தில் மூடுபனியைத் தாண்டி, வெகு தூரத்திலிருந்து, பலகையில் ஆணி அடிப்பதைப் போல இரண்டு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆட்கள் எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் வண்டியின் மூடியில் கையூன்றி நின்றார். திரும்பிப் போக வேண்டும் என்று உடம்பு முழுவதும் இழுத்தது.

"திரும்பலாமா?" என்று கேட்டார், சார்ஜண்ட்டைப் பார்த்து.

சார்ஜண்ட் தலையை ஆட்டினார். "நாம போய்ச் சேரறதுக்குள்ள அவங்க உள்ள உட்கார்ந்து ஜன்னல்ல துப்பாக்கியை வெச்சிருப்பாங்க சார். நாம வெட்டவெளியில நிப்போம். ஒருத்தன்கூட மிஞ்ச மாட்டான். அவனையும் மீட்க முடியாது."

"அப்ப?"

"அவங்க வீடு காலியா இருக்கும். அதைப் பிடிப்போம். கையில ஒண்ணு இருந்தாத்தானே சார் பேச முடியும்."

கேப்டன் வண்டியின் மூடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சங்கிலி பூட்டியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றார்கள். "ஏறுங்க," என்றார்.

*

ஏழாம் கிணற்றைப் பிடிக்க ஒரு தோட்டாகூடத் தேவைப்படவில்லை. கொட்டகை வாசலில் கை உடைந்து கட்டுப் போட்ட சிப்பாய் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் நல்ல கையை மட்டும் தூக்கினான். உள்ளே ஒரு சமையல்காரர் காய்ச்சலில் கிடந்தார். நெஞ்சு கரகரவென்று இழுத்தது. அவர் கண்ணைத் திறந்து சார்ஜண்ட்டைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா? குழம்பு அடுப்புல இருக்கு, பாருங்க, அடிப்பிடிக்கும்" என்றார். தன் ஆட்கள்தான் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்.

சார்ஜண்ட் போய் அடுப்பை அணைத்தார்.

அது வசதியான இடம். படுக்கைகளில் இரட்டைப் போர்வை, சேமிப்பு அறையில் உணவு டப்பாக்கள் கூரைவரை, ஜெனரேட்டர் புத்தம் புதிது, ஓடுவதே தெரியவில்லை. ஆட்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஹீட்டருக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவன் சத்தமில்லாமல் அழுதான். வலியா, சூடா, எதற்கென்று யாரும் கேட்கவில்லை. சுவரில் யாருடைய குடும்பமோ புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. கேப்டன் அதைப் பார்க்காமலிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நண்பகல் வந்தது. போர் நின்றது. நின்றது என்பதைக் காட்ட வானத்திலோ பனியிலோ எதுவும் மாறவில்லை. கர்னல் தொலைபேசியில் கூச்சலிட்டார்.

"சபாஷ்! ஏழு நம்மகிட்ட! மந்திரிகிட்டயே சொல்லிட்டேன்!"

"சார், நாலு போயிடுச்சு."

"தெரியும், தெரியும். நாலு வறண்டுபோற கிணறு. ஏழுல இன்னும் ஒரு தலைமுறைக்கு எண்ணெய் இருக்கு. விடுங்க."

"அங்க என் ஆளுங்க மூணு பேர் இருந்தாங்க."

"கைதிகளைப் பத்தி பார்வையாளர்கள் வந்ததும் பேசுவாங்க. நீங்க அந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. பார்வையாளர்கள் வந்து அளக்கறப்ப நீங்க அங்கதான் நிக்கணும்." சற்று நிறுத்தி, "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க" என்றார்.

கேப்டன் தொலைபேசியை மேசைமேல் வைத்தார். கையை எடுக்க மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார். காது வந்து தோளைத் தொட்டான்.

"சார், நாலாம் கிணத்துல இருந்து கூப்பிடறாங்க. சின்ன ரேடியோவுல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேட்கும்."

மறுமுனையில் பேசியது ஒரு பெண். குரல் கட்டிப்போயிருந்தது.

"நான் இந்தப் பக்கத்து மேஜர். நீங்க கேப்டனா?"

"ஆமா."

"என் சமையல்காரர் எப்படி இருக்கார்?"

"காய்ச்சல் குறையல. நெஞ்சுல சளி. எங்ககிட்ட அதுக்கு மருந்து இல்ல."

"மருந்து என்கிட்ட இருக்கு. இங்க, என் பையில." அவர் சிரித்ததைப் போலவும் இருமியதைப் போலவும் இருந்தது. "உங்க ஆளுங்க ரெண்டு பேர் நல்லா இருக்காங்க. மூணாவது ஆளுக்குக் கால்ல அடி. என் பையன் ஒருத்தன் பயந்துபோய்ச் சுட்டுட்டான். இவன் கையைத் தூக்காம கொட்டகைக்குள்ள ஓடியிருக்கான்."

"ஜெனரேட்டரை அணைக்க."

"ஆமா. அணைச்சிட்டான். இப்ப எங்களால ஸ்டார்ட் பண்ண முடியல. நேத்துல இருந்து ஹீட்டர் இல்ல. உங்க ஆளு எப்படின்னு சொல்ல மாட்டேங்கறான். 'என்னை மாமாகிட்ட கொண்டு போங்க, அப்புறம் சொல்றேன்'ங்கறான். யாரு அந்த மாமா?"

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். "நான்தான்."



"கட்டுப் போட்டிருக்கோம்," என்றார் மேஜர், வேறு குரலில். "ரத்தம் முழுசா நிக்கல. பாதம் நிறம் மாறுது. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது கேப்டன், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். உங்க ஆஸ்பத்திரிக் கப்பல் இந்தக் கரையிலதான் நிக்குது, பனி வண்டியில போனா சேர்ந்துடலாம். ஆனா எங்க வண்டியைப் பார்த்தா அவங்க சுடுவாங்க."

"ஹெலிகாப்டர்?"

"பார்வையாளர்கள் வர்ற வரைக்கும் எதுவும் பறக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். நான் மேல கேட்டேன். 'நாலாம் கிணத்துல எல்லா எண்ணெய்க் குழாயும் வந்து சேருது, அதை விட்டு அசையாதே'ன்னாங்க. ஆளைப் பத்திக் கேட்டா அதுக்குப் பதிலே இல்ல."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க."

இரண்டு பேரும் அடுத்ததைச் சொல்லத் தயங்கினார்கள். கடைசியில் கேப்டன்தான் சொன்னார்.

"உங்க வீடு எனக்கு வேண்டாம். என் வீடு உங்களுக்கு வேண்டாம்."

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் மேஜர்.

*

ஆட்களிடம் கேப்டன் ஒளிக்காமல் சொன்னார். பிடித்த கிணற்றைத் திருப்பிக் கொடுப்பது உத்தரவை மீறுவது என்றும், விசாரணை வரும் என்றும், கேட்டால் கேப்டன் சொன்னார் அதனால் செய்தோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றும் சொன்னார். சூடான கொட்டகையை விட்டுக் குளிருக்குள் போக எவனுக்கும் மனமில்லை. ஒருவன் வெளிப்படையாகவே முணுமுணுத்தான்: "அவரு மச்சினன்னுதானே. வேற யாராவது சுடுபட்டிருந்தா?"

கேப்டனுக்குக் கேட்டது. அந்தக் கேள்வியை அவரும் தன்னிடம் கேட்டுப் பார்த்திருந்தார். பதில் சுத்தமாக வரவில்லை.

"தெரியல," என்றார் அவனிடம். "வேற யாராவதா இருந்தாலும் பண்ணியிருப்பேன்னு நம்பறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

இரண்டு படைகளும் விரிகுடாவின் நடுவில், கடல் பனிமேல் சந்தித்தன. மூடுபனி விலகியிருந்தது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் குத்தியது. எல்லோரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, குழாய் கீழே பார்க்க வைத்திருந்தார்கள். அப்படித்தான் பேச்சு. மேஜர் குள்ளமான பெண்மணி. உறைபனி படிந்த புருவம், உதடு வெடித்திருந்தது. அவர் வண்டிக்குப் பின்னால் சறுக்குப் பலகையில் ரிப்பேர் படுத்திருந்தான், கழுத்துவரை போர்வை. முகம் மெழுகு மாதிரி இருந்தது. பிடிபட்ட மற்ற இரண்டு சிப்பாய்களும் பக்கத்தில் நின்றார்கள்.

கை உடைந்த சிப்பாயை அனுப்பிவிட்டு, சமையல்காரரைத் தூக்கிக் கொடுக்கும்போதுதான் அது நடந்தது. அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் கால் வழுக்கி விழுந்தான். தோளிலிருந்த துப்பாக்கி பனியில் மோதி வெடித்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கிகள் நீண்டுவிட்டன. கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றார். விழ வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு. எதிரில் மேஜரும் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஓடிவரும் மாடுகளை மறிப்பவரைப் போல.

"யாரும் சுடாதீங்க," என்றார் மேஜர். கத்தவில்லை. கத்த அவருக்குக் குரல் இல்லை.

"யாரும் சுடாதீங்க," என்றார் கேப்டனும்.

விழுந்த சிப்பாய் மல்லாந்து கிடந்தபடியே, "சாரி, சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரிப்பேர் சறுக்குப் பலகையிலிருந்து தலையைத் தூக்கி, "சேஃப்டி லாக் போடத் தெரியாதவன் கையில எதுக்குடா துப்பாக்கி?" என்றான், மெலிந்த குரலில். யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து முழங்காலிலிருந்த பனியைத் தட்டினார்கள்.

மேஜர் கேப்டனிடம் கைகுலுக்கவில்லை. கிட்டே வந்து, "உங்க கொட்டகையில கூரை ஒழுகுது. தெற்கு மூலையில வாளி வெச்சிருக்கோம், எடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் வண்டியில் ஏறிக்கொண்டார்.

சார்ஜண்ட் ரிப்பேரை நேராக ஆஸ்பத்திரிக் கப்பலுக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் குளிர்ந்து கிடந்த நாலாம் கிணற்றுக்குத் திரும்பினார்கள். கிளம்புவதற்குமுன் ரிப்பேர், எரிபொருள் குழாயில் காற்றடைப்பை எங்கே திறந்துவிட வேண்டும் என்று ரேடியோக்காரன் காதுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். வெகு நேரம் போராடியபின் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது.

*

பார்வையாளர்கள் வந்து அளந்தபோது கோடு பழைய இடத்திலேயே இருந்தது. கர்னல் மந்திரியிடம் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் முழுவதும் கேப்டன்மேல் இறங்கியது. விசாரணை அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள்.

"தேசத்துக்குச் சொந்தமான ஒரு வளத்தை எதிரிக்குத் தானமா கொடுத்திருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

"ஒரு நாள் முன்னாடி வரைக்கும் அது அவங்ககிட்டதான் இருந்தது சார்."

"அது இதுக்குப் பதில் இல்ல."

"இல்லதான் சார்," என்றார் கேப்டன். வாதாட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. மரத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறைக்கு அனுப்பவில்லை. பதவியைப் பறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மேஜருக்கு அவர் நாட்டில் என்ன நடந்தது என்று கேப்டனுக்குத் தெரியவே இல்லை.

ரிப்பேருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கேப்டனின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தம்பியின் படங்களை உறையிலிருந்து உருவி, சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வேலையில் பார்ப்பதைப் போலவே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"சுத்தமா வெட்டியிருக்காங்க. எலும்பு முனை நல்லா வழவழப்பா இருக்கு. செயற்கைக் கால் சரியா உட்காரும்," என்றாள். படத்தை மறுபடி உறையில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தவள் கணவனைத் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. தட்டு வைத்தாள்.

ரிப்பேர் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். கேப்டனோடு தேவைக்கு மட்டும் பேசினான். ஒரு நாள், தாங்கு கட்டையோடு நடந்து பழகும்போது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போனீங்க. எல்லாரையும் மாதிரி என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா ரெண்டு காலும் இருந்திருக்கும்" என்றான்.

"ஆமா," என்றார் கேப்டன்.

"ஆமான்னு சொன்னா நான் எப்படி மாமா சண்டை போடறது?"

"எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல மாப்ள. நீ போடறதுன்னா போடு, கேட்டுக்கறேன்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று நடந்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கேப்டன் ஆற்றோரத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறை டிவியில் செய்தி ஓடியது. இரண்டு நாடுகளும் கூட்டு நிறுவனம் தொடங்குகின்றனவாம். ஏழுக்கும் நாலுக்கும் சேர்த்து ஒரே குழாய். இரண்டு மந்திரிகளும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார்கள். பக்கத்திலிருந்த வெல்டர், "அப்ப எதுக்குங்க அத்தனை பேர் செத்தாங்க?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டான். கேப்டன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை வீட்டில் ரிப்பேர் காத்திருந்தான். முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்திருந்தது.

"மாமா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"எங்க?"

"அந்தக் கூட்டுக் கம்பெனியில. ஜெனரேட்டர் பார்த்துக்கற வேலை." சற்று நிறுத்தினான். "நாலாம் கிணத்துல."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றுபோனது.

"அங்கயா?"

"வேற எங்க என்னைக் கூப்பிடறாங்க? இங்க எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல்ல காலைப் பார்க்கறாங்க. அவங்க அந்த ஜெனரேட்டரை யாராலயும் ஓட்ட முடியலன்னு கூப்பிட்டிருக்காங்க."

"அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கணுமா உனக்கு?"

"இடம் என்ன பண்ணுச்சு மாமா?" என்றான் அவன். கோபம் இல்லை குரலில். "எனக்கு இயந்திரத்தைப் பார்க்கணும். ராத்திரி பகலா சோபாவுல உட்கார்ந்து அக்கா முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா நான் ஒண்ணுமில்லாம போயிடுவேன்."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். தம்பியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, வேண்டாம்னு," என்றாள்.

ஒரு முறை அவனுக்காக முடிவெடுத்தாகிவிட்டது. இன்னொரு முறை எடுக்க அவரால் முடியாது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவள் இரண்டு பேரோடும் அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. வாரக் கடைசியில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். கம்பளி உடைகளை வெயிலில் போட்டு உதறினாள். இரண்டாவது காலுறை எதற்கு என்று ரிப்பேர் கேலியாகக் கேட்டதற்கு, "கட்டைக் காலுக்கும் குளிரும், போட்டுக்க" என்று சொல்லித் திணித்தாள்.

பேருந்து நிலையத்துக்குக் கேப்டன்தான் கூடப் போனார். பெட்டியைத் தூக்க ரிப்பேர் விடவில்லை. ஒரு பக்கப் பிடியை மட்டும் விட்டுக்கொடுத்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவன் நடைக்கு ஏற்ப மெதுவாகப் போனார்கள். படியில் ஏறும்போது அவன் கொஞ்சம் தடுமாறினான். கேப்டன் கையை நீட்டவில்லை. நீட்டாமலிருக்க அவர் மிகவும் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

"போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணு."

"பண்றேன் மாமா. கிளம்புங்க, பட்டறைக்கு நேரமாச்சு."

பேருந்து திரும்பி மறைகிறவரை அவர் நின்றார். பிறகு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, பட்டறைக்குப் போகும் வண்டிக்காக வரிசையில் நின்றுகொண்டார்.